கேட்ட வாயாலேயே

எனக்கு வந்தது முதலில் நோய் மாதிரியே இல்லை. பசி போனது, தூக்கம் போனது, ஆனால் உடம்பில் அப்படியொரு தெம்பு. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டேன். வாயும் ஓயாது. கோயில் வாசலில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குக் கம்மலைக் கழற்றிக் கொடுத்த அன்றுதான் என் கணவர் பயந்தார்.

அடுத்து ஒரே சரிவு. தலை சீவக் கூடக் கை எழவில்லை. செத்துப்போனால் தேவலை என்று அவரிடம் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தார்.

இருதுருவ மனநோய் (மனம் கட்டுக்கடங்காமல் எழும்புவதும் பிறகு அடியோடு அமுங்குவதுமாக மாறும் நோய்) என்றார் டாக்டரம்மா. லித்தியம் (அந்த ஏற்ற இறக்கத்தை அடக்கும் உப்பு மாத்திரை) எழுதித் தந்தார்.

“கை லேசா நடுங்கும்மா. அதுக்காக மாத்திரையை நிறுத்திடாதீங்க. ரத்தத்துல அதோட அளவ மட்டும் விடாம பாத்துக்கணும்.”

தேறினேன். மெதுவாகத்தான். ஒருநாள் குழம்பில் உப்பு குறைவு என்று நாக்குக்குத் தெரிந்தது. அன்று அழுதேன்.

இந்த நோயோடு இருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

அதே வருடம் என் கொழுந்தனாருக்கு மாரடைப்பு. அவருக்கும் எங்களுக்கும் ஒரே கம்பெனியில்தான் மருத்துவக் காப்பீடு. அவர் வீடு திரும்புவதற்குள் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கட்டிவிட்டது. அவருடைய இதயம் இதற்கு முன்பு எப்படி இருந்தது என்று தெருவில் யாரையும் போய்க் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் ஆள் அனுப்பினார்கள். நெற்றியில் விபூதி, கையில் தோல் பை, மரியாதையான பேச்சு. எங்கள் வீட்டுக்கு அவர் வரவே இல்லை. மற்ற எல்லா வீட்டுக்கும் போனார். “கஸ்தூரிக்கு முன்னாடியே மனநிலை சரியில்லையாமே? கத்துவாங்களா? அடிப்பாங்களா?” என் நோயைத் தெருவுக்குச் சொன்னது நானல்ல, என் கணவரல்ல. அந்த மனிதர்தான்.

பழைய நோயை மறைத்துவிட்டேன், மனநோய்க்குப் பணம் கிடையாது என்று பதில் வந்தது. கடன் வாங்கிச் சமாளித்தோம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பாவு நாள் வந்தது.

பாவு என்பது புடவையின் நீளவாட்டு இழைகள். விடியற்காலையில் அதைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டுவோம். வீட்டுக்கு ஒருவர் வந்து இரண்டு பக்கமும் எதிரெதிராக நின்று, குறுக்கே போகும் குச்சிகளை ஆளுக்கொரு முனையில் பிடித்து, அறுந்த இழையை முடிந்து கொடுக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும் என்பதால் நடுவில் யாரும் நகர மாட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வேப்பமரத்துக்கு எதிரில் என் இடம். அன்று அங்கே வேறொருத்தி நின்றாள்.

“நீ போய் ரெஸ்ட் எடு கா. நாங்க பாத்துக்கறோம்” என்றாள் எதிரில் நின்ற மல்லிகா. பக்கத்து வீட்டுக்காரி. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தத் தோல் பைக்காரரை விடக்கூடாது என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

வழி காட்டியவர் டாக்டரம்மா. உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. நம் நோயை ரகசியமாக வைத்திருப்பதும் அதே சட்டம் தரும் உரிமை. முதலில் கம்பெனிக்கே எழுதுங்கள். மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். வக்கீல் தேவையில்லை. நானே போனேன்.

இதுதான் முதல் தடவை வந்த நோய் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். குறைதீர்ப்பாளர் முன்பு வந்திருந்த கம்பெனி அதிகாரி அதைப் படித்ததும் இறங்கி வந்தார். பணத்தைக் கொடுத்துவிடுகிறோம் என்றார். தெருவில் விசாரித்ததற்குத் தனியாகப் புகார் கொடுக்கப்போகிறேன் என்றேன். வருத்தம் தெரிவித்துக் கடிதம் தருகிறோம் என்றார்.

“கடிதாசி எனக்கு எதுக்கு சார்? கேட்டவரே வந்து அதே தெருவுல சொல்லட்டும். நான் புகார் குடுக்கல.”

என் கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக் குறித்துக் கொடுத்து, காலை ஆறு மணிக்கு வரச் சொன்னேன். அது பாவு நாள் என்று தோல் பைக்காரருக்கு எப்படித் தெரியும்?

வந்தார். தெரு நெடுக ஜனம். ஒருவரும் கையை எடுக்க முடியாது. பாவின் ஒரு முனையிலிருந்து நடக்கச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

“கஸ்தூரி அம்மா எதையும் மறைக்கல. நான் வந்து உங்ககிட்ட கேட்டது தப்பு.”

நாலு பேரைத் தாண்டுவதற்குள் குரல் உள்ளே போய்விட்டது.

“சத்தமா சொல்லுங்க சார். அன்னிக்கு நல்லா கேட்டுச்சே.”

யாரோ பாவப்பட்டு, “ஒரு வாய் காப்பி குடிக்கட்டும் மா” என்றார்கள். “முடிச்சிட்டுக் குடிப்பாரு” என்றேன்.

வேப்பமரத்தருகே மல்லிகா. அவளிடமும் ஒப்பித்தார். அவள் உதட்டைச் சுழித்து, “இதெல்லாம் எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்லிக்கினு” என்றாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது அவருக்குப் பொத்துக்கொண்டது.

“ஏம்மா, நீங்கதான சொன்னீங்க? பல வருஷமா இப்படித்தான், பாத்திரத்தைத் தூக்கி அடிப்பாங்கன்னு? அதை நம்பித்தான நான் எழுதினேன்?”

தெருவே கேட்டது. மல்லிகாவுக்கு முகம் செத்துவிட்டது. ஓடவும் முடியாது, கையில் குச்சி. இதை நான் திட்டமிடவில்லை. ஆனாலும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நான் பெருந்தன்மைக்காரி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மிச்சத் தெருவை அவர் தனியாகவே நடந்து முடித்தார். நான் என் இடத்தில் நின்றவளிடம் கையை நீட்டினேன். குச்சியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினாள்.

முன்பெல்லாம் இத்தனை புடவை நெய்தேன் என்று காலத்தைக் கணக்குப் பண்ணுவேன். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் இருப்பதுதான் எனக்குக் காலம். இந்த உடம்பும் பழைய உடம்பில்லை. தூக்கம் ஒருநாள் குறைந்தாலும் காவல்காரன் மாதிரி என்னையே கண்காணிக்கிறேன். குச்சியைப் பிடித்ததும் கை நடுங்கியது. அது குச்சியின் மறுமுனைக்கும் போயிருக்க வேண்டும்.

மல்லிகா தலை நிமிராமல் கேட்டாள். “கை நடுங்குதா கா?”

“மாத்திரைதான். நீ கெட்டியா புடி.”

வெயில் ஏறும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.