இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

சுனாமி வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் குடியிருந்தோம். நான் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். கணவர் சின்னச் சின்ன கான்ட்ராக்ட் வேலைகள் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். நடந்தது கொலையோ கொள்ளையோ இல்லை, ஒரு துப்பாக்கி வாங்கிய கதைதான். ஆனாலும் அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடுகிறது.

துப்பாக்கி என்றதும் பயந்துவிட வேண்டாம். அது ஏர் ரைஃபிள். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் காகித வட்டத்தைச் சின்ன ஈயக் குண்டால் துளைக்கிற விளையாட்டுக்கானது. அலுவலகத் தோழி ஒருத்தி துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னை ஒரு தகரக் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர், வங்காளி, அங்கே விடுமுறை நாட்களில் சுடக் கற்றுக்கொடுத்தார். தோழி சீக்கிரமே நின்றுவிட்டாள். எனக்குத்தான் அது பிடித்துப்போனது. சுனாமிக்குப் பிறகு, கட்டில் லேசாக அசைந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். மூச்சைப் பாதியில் நிறுத்தி அந்தக் கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் அது அடங்கும். அதற்காகவே போனேன்.

ஆனால் குண்டு மட்டும் வட்டத்தின் பக்கம் போகாது. ஒருநாள் பயிற்சியாளர் என் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஒரு சின்ன ஓட்டை செய்யச் சொன்னார். அதன் வழியாகத் தூரத்தில் எரிந்த பல்பைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூட வைத்தார். வலது கண்ணால் மட்டும் பார்த்தபோது பல்பைக் காணோம்.

"தீதி, ஆப்கா பாயா ஆங்க் மாலிக் ஹை," என்றார். உங்கள் இடது கண்தான் முதலாளி என்று அர்த்தம்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் பிறவியிலேயே இடது கைக்காரி. பள்ளியில் இடது கையில் பென்சில் பிடித்ததற்கு ஸ்கேலால் விரல் முட்டியில் அடி, வீட்டில் அதே கையைச் சோற்றில் வைத்ததற்கு அடி. அப்படித்தான் வலது கைக்கு மாறினேன். துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றியபோது, அந்தக் கையை முதல்முறையாக ஒருவர் "அச்சா" என்றார்.

துப்பாக்கி தேர்ந்தெடுக்கும்போது விலையையும் பளபளப்பையும் பார்க்காதே, முதலில் கண், பிறகு தோள், பிறகு கை நீளம், கடைசியாக நீ தாங்கக்கூடிய எடை என்பது அவருடைய பாடம். கொட்டகையில் இருந்ததெல்லாம் வலது கைக்காரர்களுக்கானது. துப்பாக்கியின் மரக் கட்டையில் கன்னம் வைப்பதற்கென்று ஒரு மேடு இருக்கும். அவர்களுக்கு அது இடப்பக்கம் இருக்கும், எனக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். மேடு இல்லாத பக்கம் கன்னத்தை வைத்தால் கண் குறிக்கு நேராக வராது, கழுத்துதான் வலிக்கும்.

சொந்தமாக ஒன்று வாங்க முடிவு செய்தேன். சென்னையில் இருக்கிற கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். பாதிப் பேர் "சாருக்குங்களா?" என்று கேட்டார்கள். கடைசியாக ஒரு கடையில், யாரோ சொல்லி வைத்துவிட்டு எடுக்க வராத இடது கைத் துப்பாக்கி ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். எடுத்து வைக்கச் சொன்னேன்.

எங்கள் தீவில் ஒரு வழக்கம் உண்டு. மெயின்லேண்டுக்கு யார் போனாலும் மற்றவர்களுக்கு வேண்டியதை அவர்தான் வாங்கி வருவார். மூக்குக் கண்ணாடி ஃபிரேமிலிருந்து கல்யாணப் பட்டு வரை அப்படித்தான் வந்து சேரும். எங்கள் குடும்பத்தில் அந்த வேலை என் கணவரின் அண்ணனுக்கு, நான் மாமா என்று கூப்பிடுகிறவருக்கு. எங்கள் ஊரிலேயே ஷாதிபூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். சரக்கெடுக்க அடிக்கடி சென்னை போவார். கெட்ட மனிதர் இல்லை, சுனாமி சமயத்தில் எங்களுக்கு அரிசி கொண்டுவந்து இறக்கியவர். அவரிடம் கடை விலாசம் கொடுத்து, இடது கைத் துப்பாக்கி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "நான் பாத்துக்கறேன்மா" என்றார்.

கப்பல் வந்த அன்று குடும்பமே எங்கள் வீட்டில் கூடியிருந்தது. மாமா உறையைப் பிரித்தார். புத்தம் புதிய கட்டையில் ஏற்கனவே சந்தனம், குங்குமம். ஆசையாக வாங்கி இடது தோளில் வைத்தேன். கன்னத்துக்கு மேடு இல்லை. திருப்பிப் பார்த்தால் அந்தப் பக்கம் இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்து, "மாமா, மாத்திக் குடுத்துட்டாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "அவன் நீ சொன்னதத்தான் எடுத்து வச்சிருந்தான். நான்தான் மாத்துனேன். ஆயுத பூசைக்குச் சாமி முன்னாடி வைக்கிற சாமான். அத நொட்டாங்கையிலயா பிடிக்கிறது? குடும்பத்துக்கு ஆகாதும்மா. போகப் போகப் பழகிரும்."

போகப் போகப் பழகிரும். ஸ்கேலால் அடித்த டீச்சரும் அதையேதான் சொன்னார். என் சம்பளத்தில் வாங்கிய பொருள், நான் தேடிக் கண்டுபிடித்த பொருள், கடைக்காரர் பத்திரமாக எடுத்து வைத்த பொருள். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார் மனிதர். போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கணவரைப் பார்த்தேன். "அண்ணன் நல்லதுக்குத்தானே செஞ்சாரு" என்றார். எனக்கு அண்ணனைவிட அவர்மேல்தான் அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

மறுநாள் கடைக்குப் போன் போட்டேன். "சார் வேணாம்னுட்டாரேம்மா, வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டோம்" என்றார்கள். அடுத்தது எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அந்தத் துப்பாக்கியோடு கொட்டகைக்குப் போனேன். கழுத்தை எப்படி வளைத்தாலும் கண் நேராக வரவில்லை. வலது தோளுக்கு மாற்றினால் பழைய கதைதான். படபடப்பு அடங்க ஒரே ஒரு இடம் இருந்தது, அங்கேயும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பயிற்சியாளர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். வீட்டுக்கு வந்து, கணவரின் சாமான் பெட்டியிலிருந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்தேன். கன்ன மேட்டை அறுத்தெடுத்து மறுபக்கம் ஒட்டிவிடுவது என்று தீர்மானம்.

பாதி அறுத்திருப்பேன், சாப்பாட்டுக்கு வந்திருந்த மாமா சத்தம் கேட்டுப் பின்னால் வந்தார்.

"புதுசப் போட்டு அறுக்கிறியே, கிறுக்கா புடிச்சிருக்கு?"

"உங்களுக்குச் செருப்பு வாங்கணும்னா என் காலையா அளவு பாப்பீங்க, மாமா?"

"உன் நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்."

நான் ரம்பத்தை நிறுத்தவில்லை. அதுவும் இடது கையில்தான் இருந்தது. "இந்தக் கை ஸ்கூல்ல அடி வாங்குச்சு, வீட்ல அடி வாங்குச்சு. இப்ப நீங்களும் அடிச்சுட்டீங்க. போதும் மாமா."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் முன்னால் நான் இப்படிப் பேசியதே இல்லை. அவர் முகம் சுருங்கிப் போனது. அன்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். "அண்ணன்கிட்ட இப்படியா பேசுவ?" என்று கணவர் கத்தினார். நான் மேட்டை அறுத்து எடுத்தேன். அரத்தால் ராவி, பசை தடவி மறுபக்கம் வைத்தபோது அது வழுக்கி வழுக்கி நகர்ந்தது. கணவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வந்து குந்தி, நான் ஸ்க்ரூ முடுக்கி முடிக்கும்வரை கட்டையை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

பார்க்கச் சகிக்காது. ஒரு பக்கம் வெட்டுக்காயம், ஒரு பக்கம் ஒட்டு. ஆனால் கன்னத்தை வைத்ததும் கண் நேராகக் குறியில் போய் நின்றது. அந்த வாரம் கொட்டகையில் என் குண்டு முதல்முறையாக நடு வட்டத்தைத் துளைத்தது. நெஞ்சு அடங்கியிருந்தது, கோபம் அடங்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தன் கடையில் படைக்கத் துப்பாக்கியையும் எடுத்து வரச் சொல்லி மாமாவே ஆள் அனுப்பினார். சந்தனக் கிண்ணத்தை அவர் எடுப்பதற்கு முன்பே நான் எடுத்து, இடது கை விரலால் பொட்டு வைத்தேன். பார்த்தார். பிறகு சூடத்தை ஏற்றினார்.

அடுத்த முறை சென்னைக்குக் கிளம்பும்போது வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "அந்தக் கடைல இடது கைது வந்திருக்கான்னு கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார். நொட்டாங்கை என்று சொல்லவில்லை.

"வேணாம் மாமா. இதுவே சரியா இருக்கு."

செய்தது தப்பு என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. நானும் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. அந்தத் துப்பாக்கி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. குறி பார்க்கும்போது அந்த ஒட்டு கன்னத்தில் லேசாக உறுத்தும். வேறு மாற்றிவிடலாமே என்று பலர் சொல்லியும் நான் மாற்றவில்லை, ஏனென்றால் எனக்கு எது பொருந்தும் என்பதை என்னைக் கேட்காமல் முடிவு செய்ய இனி யாரையும் விடக் கூடாது என்பது அந்த உறுத்தலில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் ஞாபகம் வருகிறது.