மூன்றாவது தட்டு

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி பிறந்த சமயம். சேலத்தில் ஒரு கல்லூரியில் குளிர் பிளாஸ்மா பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வாயுவில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஊதா நிறத்தில் ஒரு சுடர் வரும்; கை வைத்தால் சுடாது. அதைப் புற்றுநோய் செல்களுக்கும் நல்ல செல்களுக்கும் காட்டி, எது சாகிறது, எது பிழைக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ஊரில் கேட்டால் 'லைட் அடிக்கிற படிப்பு' என்பார்கள்.

ஒரு நாள் ராசிபுரத்திலிருந்து என் அத்தை சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். மார்பில் கட்டி, புற்றுநோய் என்று உறுதியாகி, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அத்தைக்கோ கத்தி என்றாலே குலை நடுக்கம். யாரோ அனுப்பிய வீடியோவில் இதே போன்ற சுடர் புற்றுநோய் செல்லைக் கொல்வதைப் பார்த்துவிட்டு, ஆபரேஷனே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

சுடரில் விரலை வைத்துப் பார்த்தார்.

"குளுகுளுன்னு இருக்குதே சாமி. இதையே எனக்கும் புடிச்சுவுட்டீன்னா அறுக்கற வேலையே இல்லையே."

எங்கள் வேலை ஆய்வகத் தட்டில் வளர்க்கும் செல்லோடு சரி, ஆளுக்கு வைத்தியம் பார்க்கிற நிலை வரவில்லை என்றேன். காதில் ஏறவில்லை. வருகிறவர்களுக்கு வழக்கமாகக் காட்டும் இரண்டு தட்டுகளை மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். ஒன்றில் புற்றுநோய் செல்கள் செத்து உருண்டு கிடந்தன. மற்றதில் நல்ல செல்கள் உயிரோடு தட்டில் ஒட்டியிருந்தன. அத்தை முகம் மலர்ந்துவிட்டது. இனி ஆபரேஷன் பக்கமே போகமாட்டார் என்று புரிந்தது.

மூன்றாவதாக ஒரு தட்டும் இருந்தது. அதில் நல்ல செல்களுக்கே கொஞ்சம் கூடுதல் நேரம் சுடரைக் காட்டியிருந்தேன். பெருமையாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை, அதனால் யாருக்கும் காட்டுவதில்லை. எனக்கும் மனசு வரவில்லை. ஆனாலும் எடுத்து வைத்தேன்.

அத்தை வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "இதுவும் ஜவ்வரிசியாட்ட உருண்டு கெடக்குது. இதும் நோவு புடிச்சதா?"

"இல்லீங்கத்தை, நல்லதுதானுங்க. நேரம் கூடிப்போச்சு, அதுவும் செத்துப்போச்சு. எத்தனை நேரம் காட்டோணும்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியலீங்க."

அத்தை நிமிர்ந்தார். "இதைய ஏஞ்சாமி அந்த வீடியோவுல காட்டல?"

அங்கிருந்தே அத்தை மாமாவுக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்து வைக்கச் சொன்னார். பஸ் ஏற்றிவிடும் வரை என் கையை விடவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அத்தை இப்போது பழையபடி வீட்டில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அந்தத் தட்டை எடுக்காமல் விட்டிருந்தால், அத்தை ஆபரேஷனை விட்டுவிட்டுச் சந்தோஷமாகத்தான் ஊருக்குப் போயிருப்பார்.