சூசை அண்ணன் எடுத்துக்கொண்ட லென்ஸ்

சூசை அண்ணனை எனக்கு முதலில் தெரிந்தது அவர் படமெடுத்த பிணங்களின் மூலமாகத்தான். 1994-இல் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கலர் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்டுடியோக்காரர்கள் கொண்டுவரும் ரோல்களுக்கு மெஷினில் பிரிண்ட் விழுந்ததும் அதை வெட்டி, கவரில் போட்டு, பெயர் எழுத வேண்டும். மூன்றாம் நாள், கல்யாணப் படங்களுக்கு நடுவே ஒரு ரோல் வந்தது. கிணற்றிலிருந்து தூக்கிப் போட்ட ஒரு பெண். நாலு பக்கமிருந்தும் அதே முகம். தோடு தனியாக, கையில் பச்சை குத்தியிருந்தது தனியாக. வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பினால், கவுண்டரில் ஒல்லியாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"புதுசா வந்த புள்ளையா? அடுத்த தடவ கவர் மேல போலீஸ்னு எழுதிக் கொடுத்துர்றேன். பாக்காம வெட்டிரு தாயி."

"பாக்காம எப்படிண்ணே வெட்டுறது?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டு போனார்.

சூசை அண்ணனுக்கு வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமம். மானாவாரிக் காடு, மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. இருபது வயதில் திண்டுக்கல்லுக்கு வந்து ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்து தொழில் பழகி, நாகல் நகரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ போட்டார். 1992-இல் ரயில் தண்டவாளத்தில் அடையாளம் தெரியாத ஒரு உடல் கிடந்தது. படமெடுக்க வேறு யாரும் வர மறுத்ததால் போலீசார் இவரைக் கூப்பிட்டார்கள். போனார். அதிலிருந்து கிணறு, தண்டவாளம், தூக்கு, விபத்து எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிடத்தான் ஆள் வரும்.

அடுத்து வந்த தையில் பேசி வைத்திருந்த இரண்டு கல்யாணங்கள் கை நழுவிப் போயின. பிணத்தைப் படமெடுத்த கேமராவைப் பெண்ணுக்கு நேரே எப்படி நீட்டுவது என்று கேட்டார்கள். அப்போது வழி கண்டுபிடித்தது அவர் மனைவி இன்னாசியம்மாள்தான். அண்ணனிடம் இரண்டு லென்ஸ்கள் இருந்தன. ஒன்று ஜப்பானில் செய்த ஐம்பத்தைந்து எம்எம் டகுமார், மற்றொன்று ரஷ்யாவில் செய்த ஐம்பத்தெட்டு எம்எம் ஹீலியோஸ். இரண்டும் திருகி மாட்டுகிற பழைய சாதி. இன்னாசியம்மாள் மதினி டகுமாரின் வளையத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தார்.

"இது நம்ம வீட்டுப் படி ஏறக் கூடாது. கல்யாண வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது. செத்தவுங்களுக்கு இது, இருக்குறவுங்களுக்கு அது."

அதற்குப் பிறகு கல்யாணம் பேச வருகிறவர்களிடம் அண்ணன் இரண்டு லென்ஸையும் மேசையில் வைத்துக் காட்டுவார். "கேமரா பாடி ஒண்ணுதான். கண்ணு வேற வேற" என்பார். அவர்களும் பொட்டைப் பார்த்துத் திருப்தியாகி முன்பணம் கொடுப்பார்கள். மகள் லூர்து அப்போது ஆறு வயதுக் குழந்தை. ஸ்டுடியோவுக்குள் விளையாடும்போது அந்தச் சிவப்புப் பொட்டைத் தொடக் கூடாது என்று சொல்லியே வளர்த்தார்கள்.

இரண்டில் டகுமார்தான் துல்லியம். அதைப் போய் ஏன் பிணத்துக்கு ஒதுக்கினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"கல்யாணப் படம் கொஞ்சம் மங்குனா மங்கலமா இருக்குன்னு வாங்கிட்டுப் போயிருவாங்க மகேசு. இது அப்படி இல்ல. இதப் பாத்துத்தான் ஒரு தாயி, இது என் புள்ளன்னு சொல்லணும். இல்லன்னு தெரிஞ்சா நிம்மதியாப் போகணும். புருவத்துல இருக்குற தழும்பு தெரியலேன்னா எதுக்குப் படம்?"

பன்னிரண்டு வருடம் இப்படியே ஓடியது. பிறகு டிஜிட்டல் வந்தது. எங்கள் லேபில் ரோல் வருவது குறைந்து, நானும் கத்தரியை விட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் போடப் பழகினேன். 2006-இல் லூர்துவுக்கு ஆயக்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. கொய்யாத் தோப்பும் பழநியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் உள்ள குடும்பம். "எங்கப்பா எடுத்தாத்தான் எனக்குக் கல்யாணப் படம்" என்று லூர்து சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் டிஜிட்டல் ஆல்பம்தான் வேண்டும் என்றார்கள்.

அண்ணன் மதுரையில் ஒருவரிடம் பழைய டிஜிட்டல் கேமரா பாடி ஒன்றை வாங்கினார். அதற்குரிய ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் வாங்கக் கை எட்டவில்லை. பழைய திருகு லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்ட ஒரு வளையம் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, சென்னையிலிருந்து அதை வரவழைத்தார். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பித்தளை வட்டம். இனி எந்த லென்ஸ் என்பதுதான் கேள்வி.

ஒருநாள் காலையில் இரண்டையும் எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தார். என்னை வாசலில், வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார். பழைய கேமராவின் உள்ளே பார்த்தால் நடுவில் ஒரு வட்டம் இரண்டாகப் பிளந்திருக்கும். இரண்டு பாதியும் ஒட்டினால் ஃபோகஸ் சரி. புதுக் கேமராவில் அது இல்லை. லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் வாயை முழுக்கத் திறந்து வைத்து, கண்ணைச் சுருக்கி, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி என் கண்ணிமையைப் பிடித்தார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு விரலாலேயே மூன்று சொடுக்கு எண்ணி வாயைச் சுருக்கி அழுத்தினார். இந்தக் கேமராவில் அதே லென்ஸ் ஆளைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டியது. முழு உருவமும் விழுவதற்கு நடுரோடு வரைக்கும் பின்னால் போனார். சைக்கிள்காரன் ஒருவன் திட்டிவிட்டுப் போனான். இரண்டு லென்ஸிலும் அதே சிரமம்தான்.

வித்தியாசம் திரையில் தெரிந்தது. ஹீலியோஸ் பல மழைக்காலம் தோல் பைக்குள் கிடந்து உள்ளே பூஞ்சை பிடித்திருந்தது. என் தலைமுடி சாம்பல் நிறமாக, முகத்தின் மேல் பால் தெளித்ததுபோல ஒரு வெள்ளை மூட்டம். டகுமாரில் லேசான மஞ்சள். ஆனால் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக எண்ணலாம்போல இருந்தது.

"இந்த மஞ்சள நீ கம்ப்யூட்டர்ல எடுத்துருவியா?"

"எடுத்துரலாம்ணே."

"அந்த வெள்ளைய?"

"கொஞ்சம் குறைக்கலாம். மொகம் தெளியாதுண்ணே. இதுதான் நல்லாருக்கு."

அது எந்த லென்ஸ் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

உடனே அவர் முடிவு எடுத்துவிடவில்லை. ஹீலியோஸை மதுரைக்குக் கொண்டுபோய்க் கழற்றிப் பார்க்கச் சொன்னார். பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே தின்றுவிட்டது, துடைத்தாலும் தழும்பு போகாது என்று ரிப்பேர்காரர் கையை விரித்தார். தெரிந்த நாலு போட்டோகிராபர்களிடம் ஒருநாளைக்கு ஒரு லென்ஸ் இரவல் கேட்டார். கல்யாணத்தன்று பெரிய முகூர்த்தம். யாரிடமும் உபரியாக இல்லை. பேகம்பூரில் ஸ்டுடியோ வைத்திருந்த கிதர் முகம்மது மட்டும், "நானே வந்து எடுத்துத் தாரேன், நீங்க பொண்ணோட அப்பாவா நில்லுங்க" என்றாராம். அவருக்கும் அன்று நிக்காஹ் ஒன்று இருந்தது, அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. மகள் கேட்டுவிட்டாள் என்றார். அந்த இடத்தில் கொஞ்சம் வீம்பும் இருந்தது என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பஞ்சும் ஒரு சின்னப் பாட்டிலில் தின்னரும் கொண்டுவந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டகுமாரின் வளையத்திலிருந்த சிவப்பைத் தேய்க்க ஆரம்பித்தார். நன்றாக ஊறிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டித் துடைத்தார்.

"நீ பாக்கல" என்றார்.

"நான் பாக்கலண்ணே."

கல்யாணம் நன்றாக நடந்தது. மாதா கோயிலுக்குள் அண்ணன் பெண்ணின் அப்பாவாகக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டு, ஓடிப்போய்க் கேமராவை எடுத்துக்கொண்டார். மதினி லென்ஸை ஒருமுறை திரும்பிப் பார்த்ததாகவும், பொட்டு இல்லாததைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் அண்ணனே பின்னால் என்னிடம் சொன்னார். படங்கள் நான் அதுவரை பார்க்காத படங்கள். மோதிரம் போடும்போது லூர்துவின் கீழ் இமையில் ஒரு சொட்டு நின்றுகொண்டிருந்தது. முக்காட்டின் வலைக் கண்கள்கூடத் தெரிந்தன. ஒரு மாதம் உட்கார்ந்து அந்த ஆல்பத்தைப் போட்டேன்.

அதை வாங்க லூர்துவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் புரட்டி, "எங்கப்பாவா எடுத்தாரு" என்று ஆச்சரியப்பட்டாள். எனக்கு அண்ணனின் பாடு ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"ஒனக்காக உங்கப்பா அம்புட்டு யோசிச்சாரு லூர்து. இம்புட்டு வருஷமா எந்தக் கல்யாணத்துக்கும் இந்த லென்ஸ எடுத்ததே இல்ல."

புரட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "எந்த லென்ஸு அக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் ஆல்பத்தை மூடினாள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. இருவரும் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

லூர்து அதை மனதுக்குள்ளேயே வைத்திருந்தாள். கர்ப்பமாகி ஐந்தாம் மாதம் அவளுக்குக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்லிவிட்டாள். பக்கத்தில் மாமியாரும் இருந்தார். ஸ்டுடியோவுக்கே வந்து அந்த அம்மாள் அண்ணனிடம் சத்தம் போடாமல்தான் கேட்டாராம்: "ஏனுங்க சம்பந்தி, ஊர்ல வேற கண்ணாடியே கெடைக்கலீங்களா உங்களுக்கு?"

மதினி என்னைத் தேடி லேபுக்கு வந்தார். "பொட்ட அழிக்கிறப்ப நீயும் இருந்தியாமே?"

"இருந்தேன் மதினி."

"தடுக்கணும்னு தோணலயா?"

எது நன்றாக இருக்கிறது என்று சொன்னதே நான்தான் என்பதை அப்போதும் சொல்லவில்லை.

பங்குச் சாமியார் கூப்பிட்டு, கண்ணாடிக்கும் கருவுக்கும் சம்பந்தமில்லை, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எடுத்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். லூர்து ஆல்பத்தை அம்மா வீட்டுக்கே அனுப்பிவிட்டாள். மதினி அதைத் திறக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை, அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டு வைத்தார். புருஷனுக்குச் சோறு போடுவார், வெஞ்சனம் வைப்பார், அதற்கு மேல் ஒரு பேச்சும் கிடையாது.

சேதி ஊருக்குள் பரவ எத்தனை நாள் ஆகும்? இனி பொட்டைக் காட்டி யாரையும் நம்பவைக்க முடியாது. சொந்த மகள் கல்யாணத்திலேயே பொட்டை அழித்தவர் நம்ம வீட்டுக்கு மட்டும் ஒழுங்காக வருவாரா என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கல்யாண வேலை அடியோடு நின்றது. அடுத்த வருடம் போலீசாரே ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கிவிட்டார்கள். ஒரு கான்ஸ்டபிளே எடுத்துக்கொள்கிறார், இனி சூசை வரவேண்டியதில்லை என்று சொல்லியனுப்பினார்கள். நீலத் துணிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களையும் எடுப்பது மட்டும் மிஞ்சியது.

2009-இல் லூர்துவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு அழைக்கும்போதே, "கேமரா கொண்டாற வேணாம்பா, பழநியில ஆள் சொல்லியாச்சு" என்று மகள் சொல்லிவிட்டாள். வெறுங்கையோடு போனார். பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தார்கள், தூக்கினார். பந்தி போடும் முன்பே பஸ் ஏறித் திரும்பிவிட்டார்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் நான் ஸ்டுடியோவுக்குப் போனேன். மூன்று வருடமாகப் போகாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு பெண்ணின் ரேஷன் கார்டுப் படத்தை வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போகும்வரை காத்திருந்தேன்.

"என்னாலதாண்ணே எல்லாம். நான் வாய வச்சிட்டு சும்மா இருந்திருக்கணும்."

"ஒன்னால இல்ல. எடுத்தவன் நான்" என்றார். கத்தரியைக் கீழே வைக்கவில்லை. "தெரிஞ்சுதான் எடுத்தேன். கிதரு பாய் வாரேன்னாரு, அவர விட்ருக்கலாம். எம் மக மொகம் நான் எடுத்துத் தெளிவா விழணும்னு நெனச்சேன். செத்தவுங்கள எல்லாம் அம்புட்டுத் தெளிவா எடுத்துட்டு, அவள மட்டும் ஏன் மூட்டத்துல எடுக்கணும்னு இருந்துச்சு."

"நான் நல்ல எண்ணத்துலதாண்ணே அவகிட்ட..."

"அத மட்டும் சொல்லாத மகேசு." குரல் உயரவே இல்லை. "அழிக்கிறப்ப பாக்கலேன்னு சொன்னேல்ல. அப்படியே இருந்திருக்க வேண்டியதுதானே. நல்ல எண்ணம்னு சொல்லிட்டு நீ தூங்கிருவ. நான் என்ன சொல்லித் தூங்குறது?"

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. இரண்டு காலேஜ் பையன்கள் படமெடுக்க வந்தார்கள். அவர் எழுந்து விளக்கைப் போட்டு, ஒருவனை ஸ்டூலில் உட்கார வைத்து, தாடையை நிமிர்த்தச் சொன்னார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் பிரிண்ட் போட எங்கள் லேபுக்கு வரவில்லை. பழநி ரோட்டில் வேறொரு கடைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். மாதா கோயில் திருவிழாவில் ஒருமுறை எதிரே வந்தார். தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கூட்டத்தோடு நடந்துபோனார்.