வசன டப்பாவில் என் சீட்டுகள்

எங்கள் வீட்டில் ஆண்டவருக்கென்று இருந்தது ஒரேயொரு பிஸ்கட் டப்பா. அதிலும் போய்க் கை வைத்த மடையன் நான்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மில்லர்புரத்தில் குடியிருந்தோம். அம்மா, பள்ளிக்கூட டீச்சரான தங்கை, நான். எனக்குத் துறைமுகத்தில் உப்பு மூட்டைகள் கப்பலேறுவதைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்கும் உத்தியோகம். கதாசிரியன் ஆகிவிட வேண்டும் என்ற நோயும் இருந்தது. வீடு திரும்பிப் பேனாவைத் திறந்தால் கதைக்கு முன்னால் கொட்டாவி வரும்.

ஒரு வாரப் பத்திரிகையில் வழி சொல்லியிருந்தார்கள். சீட்டுக்கு ஒரு சங்கடமாக எழுதிக் குலுக்கி, கைக்கு வருவதைக் கதையாக்க வேண்டுமாம். நாற்பது எழுதினேன். வேதவசனங்களை எழுதிப் போட்டு வைத்திருந்த அந்தப் பிஸ்கட் டப்பா, எங்கள் வசன டப்பா, கையெட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளே இருந்த வசனச் சீட்டுகளை ஓர் உறையில் போட்டுவிட்டு, என் சீட்டுகளைக் கொட்டினேன். மூன்று வாரம் குலுக்கினேன். 'முத்துக்குளிக்கப் போனவனுக்கு மூக்கடைப்பு' என்ற சீட்டே நாலு தடவை வந்தது. அவனை ஒரு தடவைகூடக் கடலில் இறக்க முடியவில்லை; முதல் வரியிலேயே நான் தூக்கத்தில் மூழ்கிவிடுவேன்.

வருஷம் பிறக்கும் காலையில் ஆளுக்கொரு சீட்டு எடுப்போம். வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு. அதனால் முந்தின நாளே வசனங்களைத் திரும்ப டப்பாவில் போட்டேன். கப்பல் வேலை முடித்து வந்த அலுப்பில் என்னுடையவற்றை வெளியே எடுக்க மறந்தேன். இரண்டும் ஒரே தாள், ஒரே கையெழுத்து. வருஷா வருஷம் அம்மாவுக்கு வசனம் எழுதிக் கொடுப்பவனும் நான்தானே.

அம்மாவுக்கு நல்ல வசனம் வந்தது. அடுத்தது தங்கை. சாத்தான்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்த்துவிட்டுப் போய்ப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. கடிதம் போடுகிறோம் என்றார்கள். இதற்கு முன் இரண்டு வீட்டார் அப்படிச் சொல்லிவிட்டுப் போடவே இல்லை.

சீட்டைப் பிரித்தவள் அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"வாசி ளா," என்றாள் அம்மா.

"எதிர்பார்த்த கடிதம் வரவில்லை."

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள். "இது எந்த அதிகாரத்துல வருது?"

வேறு வழியில்லாமல் உளறிக் கொட்டினேன்.

"ஏலே, வேற டப்பாவே ஒனக்குக் கெடைக்கலியா?"

"எம்மா, விடு. இது வசனம் இல்லன்னு எனக்குத் தெரியாதா?" என்ற தங்கை என் பக்கம் திரும்பினாள். "இருந்தாலும் என் கைக்குத்தானண்ணே வந்திருக்கு."

"அது வெறும் கதைச்சீட்டுளா. வேற ஒண்ணு எடு."

"வருசத்துக்கு ஒண்ணுதான்," என்று அந்தச் சீட்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். எல்லா வருஷமும் வசனத்தை வைக்கிற இடம் அது.

அந்த வாரம் முழுக்கத் தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டியே போனார். மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கையில் பிடித்த வேலை அப்படியே நிற்கும். ஆனால் வெட்கக்கேட்டை மறைப்பானேன், அந்த வாரம்தான் பேனாவும் ஓடத் துடித்தது. டப்பாவும் சீட்டும் தங்கையும் தானாக வரிசையில் வந்து நின்றார்கள். முதல் தடவையாகக் கொட்டாவி வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டேன்.

"ஏளா, நடந்தத ஒரு கதையா எழுதிக்கிடட்டுமா?"

அவள் தலை நிமிரவில்லை.

"கடுதாசி வரட்டும், பொறவு எழுது."