என் கரும்பு காய்ந்த வருடமும் சாதிக் பாயும்

பெண்ணாடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சாதிக் பாயின் மச்சான் போன் செய்தார். "மச்சான் மவுத்தாயிட்டாருங்க. காலையில நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உசுரு போயிடுச்சு." தினமும் வேலைக்குப் போகிற அதே பஸ்ஸில் ஏறி, விருத்தாசலத்தில் இறங்கி, அவர் ஊரான மங்கலம்பேட்டைக்குப் போனேன்.

பீங்கான் கம்பெனி ஆபீசில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மேசை. வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டுத் திரும்பியவர். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர் என்பது அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். அங்கிருந்தபோது விவசாய இ.டி.எஃப். ஒன்றில் சேமிப்பைப் போட்டிருந்தார். அது என்னவென்று ஒருநாள் கேட்டேன்.

"தங்கத்த வூட்டுல வைக்காம ஃபண்டா வாங்கறாங்கல்லண்ணே, அதுமாதிரி இது சர்க்கரை, கோதுமை, மக்காச்சோளத்துக்கு. ஷேரு மாதிரி வாங்கலாம், விக்கலாம். உலகச் சந்தையில வெல ஏறுனா இதுவும் ஏறும்."

"நெலமே இல்லாம விவசாயமா பாய்?"

"எங்க வாப்பாவுக்கும் நெலம் இல்ல. ஆசை மட்டும் இருந்துச்சு," என்றார்.

பிறகு மழை பொய்த்தது. போர்வெல் வற்றி, எங்கள் கரும்பு நின்ற இடத்திலேயே காய்ந்தது. லீவு முடிந்து நான் ஆபீஸ் போன அன்று மதியம் அவர் சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மறைக்கத் தோணலண்ணே. பல நாட்டுல மழை இல்லாம சர்க்கரை வெல ஏறிடுச்சு. என் ஃபண்டும் ஏறியிருக்குது. நீங்க இப்படி வந்து ஒக்காந்திருக்கீங்க. எனக்குச் சோறு எறங்கல."

"அப்ப நாங்க காயக் காய உங்களுக்கு லாபம், அப்படித்தான?" என்று உங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டேன். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். காலையில் "வந்தீங்களாண்ணே" என்பார். நான் ஃபைலைத் திறந்துகொள்வேன்.

மறு வருடம் மழை பெய்து கரும்பு ஆளுயரம் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வயலுக்கு வந்தார். வரப்பில் நின்று பார்த்து, "நல்லா வந்திருக்குதுண்ணே," என்றார். நான் "ம்" என்றேன். அவர் "போயிட்டு வரேன்" என்று கிளம்பினார். அதன்பின் ஆபீஸ் வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

அடக்கம் முடிந்ததும் மச்சான் என்னைத் தனியே அழைத்தார்.

"மவள நர்சிங் சேக்கத்தான் அந்த ஃபண்ட வச்சிருந்தாரு. ஏறியிருந்தப்பவே வித்துடுங்கன்னு சொன்னேன். 'பெண்ணாடத்து அண்ணன் வயலு காஞ்சு கெடக்குது, இப்ப அத வித்துத் திங்க மனசு வரல, கொஞ்ச நாள் போவட்டும்'னாரு. அப்புறம் எல்லா ஊருலயும் வெளைஞ்சுது. வெல விழுந்துடுச்சு. புள்ள இப்ப மருந்துக் கடைக்கு வேலைக்குப் போவுது."

ஏறியதை என் முகத்துக்கு நேரே சொன்ன மனிதர், விழுந்ததைச் சொல்லவே இல்லை. உள்ளிருந்து அவர் மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். "வாப்பா உங்களப் பத்தித்தான் வூட்டுல பேசுவாங்க மாமா," என்றாள். வாங்கிக் குடித்தேன். அவள் வாப்பாவோடு பேச்சை நிறுத்தியவன் நான்தான் என்று அவளிடம்கூடச் சொல்ல முடியவில்லை. சாதிக் பாயிடம் நான் கேட்காத மன்னிப்புதான் இனி அவர் நினைவாக என்னிடம் இருக்கப்போவது.