ஆய்வு நாள் நோயாளி

ஊசியக்கா பதினேழு வருடமாக நர்ஸ். நர்ஸ் படிப்புதான் படிக்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் இந்த இருபது கட்டில் தனியார் ஆஸ்பத்திரிதான் தெய்வம். தெய்வத்திடம் யார் சான்றிதழ் கேட்பார்கள்? தரை துடைக்க வந்தவர், பார்த்துப் பார்த்தே பிரசவம் வரை கற்றுக்கொண்டார். பச்சைக் குழந்தையின் நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடிப்பார்.

சுகாதாரத்துறை அதிகாரிகள் வரும் ஆய்வு நாளில் மட்டும் அவருக்குப் பதவி உயர்வு உண்டு: நோயாளி. அன்று படித்த நர்ஸ்கள் வெளியூரிலிருந்து வாடகைக்கு வருவார்கள். படிக்காதவர்கள் காலிக் கட்டில்களில் படுத்து நிர்வாகத்தின் மானம் காப்பார்கள்.

"அக்கா, உங்களுக்கு நேத்து குடல்வால் ஆபரேஷன்," என்றார் முதலாளி டாக்டர்.

"போன தடவையும் அதையேதான் எடுத்தீங்க. எனக்கு மொத்தம் எத்தனை குடல்வால், டாக்டர்?"

சிரித்தபடியே படுத்தார்.

விடியற்காலை அவர் பிரசவம் பார்த்த பெண் எதிர்க் கட்டிலில் இருந்தாள். அதிகாரிகள் வார்டுக்குள் நுழைந்த நேரம் அவளுடைய விரிப்பு சிவக்கத் தொடங்கியது. வாடகை நர்ஸ் ஓடிப்போய் டாக்டரின் காதில் சொன்னாள். "பார்த்துக்குங்க சிஸ்டர்," என்று அதிகாரிகளைப் பார்த்துப் புன்னகைத்தார் அவர். வாடகை நர்ஸ் அலமாரி அலமாரியாகத் திறந்தாள். உதிரப்போக்கை நிறுத்தும் ஊசி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் இருப்பது ஊசியக்காவுக்குத்தான் தெரியும்.

பெண்ணின் அம்மா அடையாளம் கண்டுகொண்டாள். "ஏம்மா, நீதானே காலைல என் பொண்ணுக்குப் பிரசவம் பார்த்தே? இப்படிப் படுத்துக் கெடக்கியே! எந்திரிம்மா!"

டாக்டர் ஒரே ஒரு பார்வை பார்த்தார். ஊசியக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரிகள் இன்னும் மூன்று கட்டில்களை நிதானமாக விசாரித்தார்கள். நான்காவதுக்குப் போகும்போது ஊசியக்கா கையிலிருந்த ட்ரிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஃப்ரிட்ஜுக்கு ஓடினார்.

"நேத்து ஆபரேஷன் ஆனவங்க இந்த ஓட்டம் ஓடுறாங்களே?"

"நம்ம ட்ரீட்மென்ட் அப்படி, சார்."

அதிகாரி மெச்சி எழுதிக்கொண்டார். ஊசியும் ஒரே குத்தில் இறங்கியது. ஊசியக்கா அரைமணி நேரம் வயிற்றை அழுத்திப் பிடித்தும் பார்த்தார். பெண் பிழைக்கவில்லை.

மாலையில் குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. ஊசியக்கா கை நீட்டினார். பெண்ணின் அம்மா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"நீ நோயாளிதானேம்மா? போய்ப் படு."