காளியண்ணன் உட்காரவில்லை

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டில் காளியண்ணனுக்கு ஜப்பான்காரர் என்று பெயர். ஜப்பானுக்குப் போனவரில்லை, பாஸ்போர்ட்டும் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நெடுஞ்சாலை ஹோட்டல் ஒன்றின் முதல் மாடியில் ஜப்பானிய உணவகம் இருந்தது. அதில் பதினாறு வருடம் பரிமாறியதற்கு ஊர் கொடுத்த பட்டம் அது. சுற்றியிருக்கும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் ஜப்பான் என்ஜினீயர்கள் வீட்டு நினைப்பு வந்தால் அங்கே வந்து சாப்பிடுவார்கள். அவர்களுடைய வீட்டு நினைப்பைத் தினமும் தீர்த்து வைத்தவர் தன்னுடைய வீட்டுக்கு வருடத்தில் இரண்டு தடவைதான் வந்தார், பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும்.

பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தார். மூன்றாம் வருடம் பரிமாற அனுப்பினார்கள். சாக்கே என்று அவர்கள் சொல்லும் அரிசி மதுவைச் சுடுமண் குப்பியில் ஊற்றி, வெந்நீரில் இறக்கி வைப்பார். குப்பியின் அடியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தே சூடு சரியா என்று சொல்லிவிடுவார். பச்சை மீனுக்குச் சில்லென்று, சுட்ட மீனுக்கு வெதுவெதுப்பாக, கொதிக்கிற சட்டியோடு வந்தால் இன்னும் கொஞ்சம் சூடாக. எந்தத் தட்டோடு எந்தச் சாக்கே என்று ஜப்பான்காரர்களே அவரிடம் கேட்டார்கள். அவர் ஒரு சொட்டும் குடித்ததில்லை. குடித்தவர்களின் புருவத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ருசி அது.

அந்த இடத்தில் இரண்டு வழக்கங்களை அவர் வேதமாக வைத்திருந்தார். சாக்கேயைத் தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்வது அழகில்லை; எதிரில் இருப்பவர் ஊற்ற வேண்டும், அவருக்கு நாம் ஊற்ற வேண்டும். தனியாக வந்து சாப்பிடுகிறவருக்குக் காளியண்ணன்தான் ஊற்றினார், நின்றபடி. ஊற்றியதும் கதவுக்கு வெளியே போய்விட வேண்டும் என்பது இரண்டாவது. கண்ணில் படக் கூடாது. கூப்பிட்டால் காதில் விழ வேண்டும்.

வருடத்தில் இரண்டு தடவை ஊருக்கு வரும்போது நிலைமை தலைகீழ். அவர் உட்கார, மனைவி பொன்னம்மாள் நின்று பரிமாறுவார். சாமைச்சோறு, மொச்சைக் குழம்பு, மிளகு தட்டிப் போட்ட கோழி. அவர் கை கழுவிய பிறகு பொன்னம்மாள் அடுப்படியில் தனியாகச் சாப்பிடுவார். ஆக, அந்தத் தம்பதியில் யாராவது ஒருவர் எப்போதும் நின்றுகொண்டே இருந்தார். இருபத்தெட்டு வருடத்துக் கல்யாண வாழ்க்கை. அன்பு குறைவென்று யாரும் சொல்ல முடியாது. ஒருவருக்கொருவர் அவ்வளவு கவனமாகப் பரிமாறிக்கொண்டார்கள்.

பொன்னம்மாளுக்குக் கருப்பையில் வந்த புற்று கண்டுபிடிக்கப்படுவதற்குள் மேலே ஏறியிருந்தது. காளியண்ணன் வேலையை விட்டுவிட்டு வந்தார். சென்னையில் ஆஸ்பத்திரி, ஊசி, முடி உதிர்வு, மறுபடி ஆஸ்பத்திரி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை டாக்டரம்மா காகிதங்களை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கு என்ன புடிக்குமோ வாங்கிக் குடுங்க."

இந்த வாக்கியத்தின் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். பொன்னம்மாளுக்கும் தெரிந்தது. வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் காளியண்ணன் கேட்டார்.

"ஏம்புள்ள, என்ன திங்கோணும்னு இருக்குது? சொல்லு."

"நீங்க வேல செஞ்ச எடத்துல சாப்புடோணுங்க. ரெண்டு பேரும்."

அவர் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. பதினாறு வருடம் மற்றவர்களின் முணுமுணுப்பைக் கதவுக்கு வெளியிலிருந்தே பிடித்த காது அது.

மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் தொங்கிய நீலத் துணியை விலக்கிக் குனிந்து நுழைந்ததும் மேனேஜர் கதிரேசன் ஓடி வந்தார். விஷயம் அவருக்குப் போனிலேயே தெரியும். "வாங்கக்கா. அண்ணே, இன்னிக்கு நீங்க கஸ்டமர். கை கட்டிட்டு நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று உள்ளறைக்குக் கூட்டிப்போனார். கோரைப்பாய் விரித்த தரை, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு மெத்தை.

பொன்னம்மாள் பாயைத் தடவிப் பார்த்தார். "தரையில உக்காந்து திங்கறதுக்கா எழுவது வளைவு எறங்கி வந்தோம்?"

"இதுக்குத்தான் இங்க பெரிய மதிப்பு, புள்ள."

"அப்ப நம்மூட்டுக்கு இன்னும் பெரிய மதிப்பு. மேசையே இல்ல."

காளியண்ணன் சிரித்தார். எதிர் மெத்தையில் உட்கார்ந்தும் விட்டார். கதிரேசன் பிற்பாடு சொன்னபடி பார்த்தால், அவர் உட்கார்ந்திருந்தது இரண்டு நிமிடம். பரிமாற வந்த புதுப்பெண் சூப்புக் கிண்ணத்தைப் பொன்னம்மாளுக்கு இடப்பக்கமாக வைத்துவிட்டாள். அது வலப்பக்கம் இருக்க வேண்டியது. காளியண்ணன் எழுந்து, கிண்ணத்தைச் சரியான இடத்துக்கு மாற்றி, அந்தப் பெண்ணிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கிய தட்டை அதற்குப் பிறகு கீழே வைக்கவே இல்லை.

பொன்னம்மாள் சூப்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி உறிஞ்சிக் குடித்தார். சென்னையிலிருந்து வரும் படித்த குடும்பங்கள் அங்கே கரண்டி கேட்டுத் தொல்லை பண்ணும். இந்த அம்மாள் கேட்கவில்லை. ரசத்தை எப்படிக் குடிப்பாரோ அப்படியே குடித்தார். எட்டிப் பார்த்த ஜப்பான் சமையல்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு வேகவைத்த முட்டைக் கூழ், முள்ளங்கித் துருவலோடு சுட்ட மீன், மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்த கத்தரிக்காய். ஒவ்வொன்றையும் காளியண்ணன் உள்ளே போய்த் தானே எடுத்து வந்தார். மீனின் முள்ளை அவரே பிரித்து வைத்தார்.

சுட்ட மீனோடு சாக்கே வந்தது. குப்பியின் அடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சரியான சூடு. விரல் நீளக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார்.

"இதென்னங்க, அரிசி கழுவுன தண்ணியாட்டம் வாசம்?"

"அரிசிதான். டாக்டரம்மா எதுன்னாலும் குடுக்கச் சொல்லியிருக்குது. ஒரு வாய் குடி."

இங்கேதான் இரண்டு மரியாதைகள் மோதிக்கொண்டன. மலையில் ஒருவர் ஊற்றிக் கொடுத்ததை மிச்சம் வைப்பது ஊற்றியவரை அவமதிப்பது. காளியண்ணன் வேலை பார்த்த இடத்தில் விருந்தாளியின் கிண்ணம் காலியாக இருந்தால் பரிமாறியவருக்கு அவமானம். பொன்னம்மாள் மரியாதைக்காகக் குடித்தார். காளியண்ணன் மரியாதைக்காக ஊற்றினார். போதும் என்று சொல்ல இருவருக்கும் தெரியவில்லை. ஐந்தாவது கிண்ணத்துக்குப் பொன்னம்மாளின் முகத்தில் ஆறு மாதமாக இல்லாத சிவப்பு வந்தது. இருபத்தெட்டு வருடமாக இல்லாத பேச்சும் வந்தது.

"ஏனுங்க, உக்காருங்க."

"இரு புள்ள, சோறு வரோணும்."

"சோறு எங்கீங்க ஓடிப்போவுது? எதுத்தாப்புல உக்காந்து என்னோட திம்பீங்கன்னுதான் வந்தேன். மீனுக்கா வந்தேன்?"

"இதோ வந்துட்டேன். கடைசி அயிட்டம்."

"காலையில டாக்டரம்மாளும் எனக்கு அதத்தான் சொல்லுச்சு" என்று பொன்னம்மாள் சிரித்தார். காளியண்ணன் சமையலறைக்குப் போனார்.

சோறு வந்தது, ஊறுகாய் வந்தது, பழம் வந்தது. அவர் கடைசியாக மெத்தைப் பக்கம் வந்தபோது பொன்னம்மாள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். எதிர்ப்பக்கத்தில் காளியண்ணனுக்கு வைத்த கிண்ணம் கவிழ்த்தபடியே இருந்தது. அதில் ஊற்றுவதற்குப் பொன்னம்மாள் இரண்டு தடவை குப்பியைக் கையில் எடுத்து, ஆள் இல்லாததால் கீழே வைத்ததாக அந்தப் புதுப்பெண் கதிரேசனிடம் சொன்னாளாம்.

கிளம்பும்போது கதிரேசன் ஒரு சின்ன சாக்கே பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். பஸ் காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மலை ஏறும்வரை அது பொன்னம்மாளின் மடியில் இருந்தது.

"நல்லா இருந்துச்சா, புள்ள?"

"நல்லா இருந்துச்சுங்க. மீனு நல்லா இருந்துச்சு. நீங்கதான் உக்காரல."

"பழக்கம், புள்ள."

"இத ஊட்டுல வெச்சுத் தொறக்கலாம். நீங்க உக்கார்ற அன்னிக்கு."

பாட்டில் அலமாரியில் மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு இருபத்திமூன்று நாள். தினமும் உட்காரத்தான் நினைத்தார். காலையில் கஞ்சி, பிறகு மாத்திரை, துணி மாற்றுவது, வெந்நீர், திரும்பக் கஞ்சி. வேறு யாரையும் செய்ய விடவில்லை. மகள் தேன்மொழி, "அப்பா, நான் பாத்துக்கறேன், நீங்க அம்மாகிட்ட செத்த உக்காருங்க" என்றாள். "கஞ்சி சூடு உனக்குத் தெரியாது கண்ணு" என்றார். உண்மைதான். கஞ்சியின் சூடு அவருக்கு உள்ளங்கையிலேயே தெரியும். இருபத்திநான்காம் நாள் காலை அந்தச் சரியான சூட்டில் கஞ்சியோடு வந்தபோது குடிக்க ஆள் இல்லை.

முப்பதாம் நாள் படையல். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, கும்பிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவது அங்கே வழக்கம். ஆள் இருந்தால் இறந்தவர் வந்து சாப்பிடமாட்டார். தேன்மொழி சாமைச்சோறும் பலாக்கொட்டைக் குழம்பும் செய்திருந்தாள். காளியண்ணன் அன்று காலையிலேயே பஸ்ஸில் மலை இறங்கிப் போய் மீன் வாங்கி வந்து, சுட்டு, முள் பிரித்து, முள்ளங்கி துருவி வைத்தார். பாட்டிலைத் திறந்து வெந்நீரில் இறக்கினார். பிறகு பொன்னம்மாளின் இலைக்கு எதிரே இன்னொரு இலையைப் போட்டு, அதிலும் எல்லாவற்றையும் பரிமாறி, இரண்டு இலைக்கும் ஒவ்வொரு டம்ளர் வைத்தார்.

பொன்னம்மாளின் தம்பி சின்னுசாமி பார்த்துக்கொண்டே இருந்தார். "மாமா, ரெண்டாவது எலை யாருக்கு?"

"எனக்கு."

"உசுரோட இருக்கறவருக்குப் படையலா? ஜப்பான்ல இப்படித்தானா?"

காளியண்ணன் பாட்டிலை வெந்நீரிலிருந்து எடுத்தார். பொன்னம்மாளின் டம்ளரில் ஊற்றினார். தன் டம்ளரில் ஊற்றவில்லை. அவருக்கு ஊற்ற வேண்டியவர் எதிரில் இருப்பவர். இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

எல்லாரும் வெளியே போனார்கள். அவர் எழவில்லை. சின்னுசாமி வாசற்படியில் நின்று கூப்பிட்டார். கேலி போய்விட்டிருந்தது.

"மாமா, வெளிய வாங்க."

"நானு இங்கயே இருக்கறேன்."

"நீங்க இருந்தா அக்கா வரமாட்டா மாமா. பசியோட வாசல்லயே நின்னுக்குவா."

காளியண்ணன் இலையைப் பார்த்தார். மீனிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் அவள் வர முடியாது. அவள் வர வேண்டுமென்றால் இவர் எழுந்து போக வேண்டும். பிறகு தரையில் கையூன்றி எழுந்தார். தன் இலையில் கை வைக்கவில்லை. பொன்னம்மாளின் டம்ளரின் அடியைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

வாசலில் கதவை ஒட்டி, கையை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். சின்னுசாமி கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார்.

"செத்த உக்காருங்க மாமா. காலையிலிருந்து நிக்கறீங்க."

"இருக்கட்டும் சாமி" என்றார் காளியண்ணன். "கூப்புட்டா போவோணுமில்ல."